ஊமத்தை என்னைப் பேச வைத்தது

காலையில் பெயர் வாசிக்கும்போதுதான் அதை முதலில் கவனித்தேன்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறைக்கு நான் மேற்பார்வையாளர். பதினான்கு பேர். பட்டியலைப் பார்க்காமலே ஒரே மூச்சில் வாசித்துவிடுவேன். அன்று ஒன்பதாவது பெயரில் மூச்சு தீர்ந்துபோனது. தொண்டையைக் கனைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மீதியை வாசித்தேன். சில மாதங்களில் ஏழாவது பெயரிலேயே கனைக்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் சிலருக்கு இந்தக் கனைப்பு பழக்கமானதாக இருக்கும். மூச்சு வாங்குவது வெளியே தெரியாமல் இருக்க நம்மிடம் நிறைய வித்தைகள் உண்டு. ஏற்றத்தில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வோம். பேச்சின் நடுவே சிரித்தபடி காத்திருப்போம். நான் மூன்று வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.

காரணம் பயம். அந்த அறையில் பெண்கள் சலிப்பார்கள், ஆண் ஒருவர் நின்று வேலை வாங்குவார் என்பதுதான் வழக்கம். இருபத்திரண்டு வருடம் சலித்த பிறகு அந்த இடத்துக்கு நான் வந்தேன். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்னை ‘கங்காணியம்மா’ என்று கேலி பாதி பெருமை பாதியாகக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மூச்சிரைப்பு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் தூசியுள்ள அறையிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். அதனால் தோட்டத்துக் கிளினிக்கில் கேட்டபோதெல்லாம் சளி என்றேன். அவர்கள் அவசரத்துக்குக் கொடுத்த நீலக் குழாய் மருந்தை (வாயில் வைத்து இழுத்தால் சுருங்கிய மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் விரிக்கும் மருந்து) கழிவறையில் ஒளிந்து இழுத்தேன்.

என் கணவர் செல்வராஜ் திரிங்காப் ஊரிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். அவர் புறப்படும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், நான் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஏமாற்றுவது சுலபமாக இருந்தது. மகள் கவிதாவை ஏமாற்ற முடியவில்லை. பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, “மா, உங்க நெஞ்சுக்குள்ள யாரோ விசில் அடிக்கிறாங்க” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அங்கே போனால் கடிதம் வரும், கடிதம் ஆபீசுக்குப் போகும். கடைசியில் இருவரும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு ஹோமியோபதி மருத்துவர் தானா ராத்தாவுக்கு வந்து, ஒரு கடையின் மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். அவர் யாருக்கும் கடிதம் எழுதப்போவதில்லை.

அவர் பெயர் நிர்மலா. கவிதாவைவிட ஆறேழு வயது மூத்தவராக இருப்பார். ஒரு மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்டார். மூச்சிரைப்பு எப்போது வருகிறது, வெயில் பிடிக்குமா, மழை பிடிக்குமா, விளக்கை அணைத்தால் பயமா, தனியாக இருக்கப் பிடிக்குமா. ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் இதையெல்லாம் கேட்டார். இருட்டு பயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அதைச் சொன்னதற்கே நெஞ்சு லேசானது.

அவர் கடுகு போன்ற வெள்ளை உருண்டைகளைக் கொடுத்தார். அதோடு, நீலக் குழாயை நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் ஒரு முறை நெஞ்சைக் காட்டியே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

இது என்ன மருந்து என்று கேட்டேன். ‘ஸ்ட்ராமோனியம்’ என்றார். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

“ஊமத்தைலேர்ந்து, அக்கா. பயப்படாதீங்க. செடியோட சாறு ஒரு துளியை எடுத்து நிறைய சாராயத்துல கலப்பாங்க. அதுலேர்ந்து ஒரு துளியை எடுத்து மறுபடி கலப்பாங்க. இப்படியே போயிட்டிருக்கும். கடைசியில செடி இருந்த அடையாளம்கூட இருக்காது. விஷச் செடிங்கிறதாலதான் அப்படி.”

ஊமத்தை எனக்குத் தெரிந்த செடி. லயத்துக்குப் பின்னால், கைவிடப்பட்ட காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். வெள்ளைக் குழல் பூ, முள் பந்து மாதிரி காய். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இழுப்பு உள்ள ஆண்கள் சிலர் அதன் காய்ந்த இலையைச் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. அதன் பிறகு மழை பெய்து, கொழுந்து கொட்டோ கொட்டென்று வந்தது. தொழிற்சாலை நிற்காமல் ஓடியது. அறை முழுக்கத் தூசி பறந்து எதிர்ச் சுவர் தெரியவில்லை. என் நெஞ்சு பழைய நிலைக்கும் கீழே போனது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வாழ்நாள் முழுக்கத் தேயிலையில் கிடந்தவள் நான். இலை கூடினால் சாயம் கூடும், தண்ணீர் கூடினால் சாயம் குறையும். இதற்கு மேல் எனக்கு ரசாயனம் தெரியாது. அடையாளமே இல்லாத உருண்டை பத்து நாள் கேட்டதென்றால், இலையே உள்ளே போனால் நெஞ்சு மொத்தமும் சரியாகிவிடுமே என்று கணக்குப் போட்டேன். நிர்மலா ‘விஷச் செடி’ என்று சொன்னது என் காதில் விழவே இல்லை. விழ வேண்டாமென்று நான்தான் முடிவு செய்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ப் பறித்தேன். எத்தனை இலை, எவ்வளவு நேரம் கொதித்தது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. என்னைப் போல் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். சீனி போட்டுத் தேநீர் மாதிரிக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு விரிந்ததுபோல இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் ஆட்கள் செத்துப்போகிறார்கள் என்று டாக்டர் பின்னால் சொன்னார். பிறகு வாய் வறண்டது. ஈரமே இல்லாத வறட்சி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாட்காட்டியில் எழுத்துகள் கலைந்து ஓடின. இதயம் காதுக்குள் அடித்தது. கூரையிலிருந்து பச்சைக் கொழுந்து மழையாகக் கொட்டத் தொடங்கியதைப் பார்த்தேன். அதோடு என் ஞாபகம் நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு ஒரு நாளும் கொஞ்சமும் என் வாழ்க்கையில் இல்லை. அது கவிதாவிடமும் அவள் அப்பாவிடமும்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லி நான் கேட்டதை எழுதுகிறேன்.

கவிதாவுக்கு அன்று விடுமுறை. சமையலறையில் பேச்சுக் குரல் கேட்டு வந்தாளாம். நான் சிவந்த முகத்தோடு, அடுப்பைப் பார்த்து, மூடியைத் திறந்து போட்டால் தூசி பறக்காமல் என்ன செய்யும் என்று திட்டிக்கொண்டிருந்தேனாம். என் நெற்றியைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவு சூடு. கண்ணின் கருமணி முழுக்க விரிந்து, கண்ணே கறுப்பாக இருந்ததாம். அவள் செய்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவளை நினைத்துப் பெருமைப்படுகிறேன். பாத்திரத்தில் கிடந்த இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் காரில் என்னை ஏற்றினாள். யாராவது எதையாவது தின்று விழுந்தால் தின்றதில் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் கிளந்தான் மாநிலத்துத் தாதி (நர்ஸ்) ஒருவர் பையைத் திறந்து பார்த்ததும், “கெச்சுபோங்” என்றாராம். மலாயில் ஊமத்தைக்கு அதுதான் பெயர். அதற்குப் பிறகு எதுவும் தாமதமாகவில்லை. இதயத்துடிப்பைக் காட்டும் கருவியை மாட்டினார்கள். சூட்டைக் குறைத்தார்கள். கைகால் உதறாமல் இருக்க ஊசி போட்டார்கள். சிறுநீர் போகாமல் அடைத்திருந்ததால் குழாய் வைத்தார்கள். மலாய்ப் பெண் டாக்டர் கவிதாவிடம், இந்த விஷம் தானாக இறங்கும், இறங்கும்வரை இதயத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை, முதல் சில மணி நேரம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அந்த மணி நேரங்களில் என் கணவரும் மகளும் எப்படி இருந்தார்கள் என்பதை அவர்கள் என்னிடம் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் விடாமல் சொல்கிறார்கள்.

போர்வையில் கொழுந்து பறித்தேனாம். இரண்டு கையாலும், வேகமாக, தோளுக்குப் பின்னால் கூடை இருப்பதுபோல எறிந்துகொண்டே. பக்கத்துக் கட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் போர்வையிலும் எட்டிப் பறித்தேனாம். ரத்தம் எடுக்க வந்தவரிடம், “ரெண்டு இலை ஒரு கொழுந்து, முத்தினதைக் கிள்ளாதே” என்று கண்டித்தேனாம். விளக்கு போடுங்கள், விளக்கு போடுங்கள் என்று நடுப்பகலில் கேட்டேனாம். கணவரைப் பார்த்து, “மீசைக்கு அடிக்கிறது மையா, சப்பாத்து பாலிஷா? இருபது வருஷமா கேக்கணும்னு இருக்கேன்” என்றேனாம். வார்டே சிரித்ததாம். பயத்தில் உறைந்திருந்த அவரும் சிரித்துவிட்டாராம்.

அடுத்துச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்துப் பை தொங்கும் இரும்புக் கம்பி நின்றது. அதைத் தொழிற்சாலை மேனேஜர் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் நாங்கள் இன்னும் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்கிறோம். எழுந்து உட்கார்ந்து, முந்தானை இல்லாத ஆஸ்பத்திரிச் சட்டையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டேனாம்.

“துரை, என்னை அந்த ரூம்லேர்ந்து மாத்திடுங்க. மூணு வருஷமா மூச்சு விட முடியல. சொன்னா எடத்தைப் புடுங்கிருவீங்கன்னு சொல்லல. டொய்லெட்ல போயி மருந்து இழுக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, துரை.”

வீட்டுக்காரர் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் தெளிவு வந்தது. முதலில் தெரிந்தது வெளிச்சம். கருமணி இன்னும் விரிந்தே இருந்ததால் எல்லாம் கண்ணைக் கூசும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் ஒரு உருவம். குரலை வைத்துத்தான் கணவர் என்று தெரிந்துகொண்டேன்.

“என்னைப் பாத்து எதுக்குப் புள்ள பயம்?” என்றார். எனக்கு எதுவும் புரியவில்லை. நாக்கும் வறண்டிருந்தது. அவர் கரண்டியால் தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு கரண்டியும் நாக்கில் படும் இடம் எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அன்று மாலை டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எனக்குப் பாடம் நடத்தினார். ஊமத்தையில் அட்ரோபின் (கருமணியை விரித்து, எச்சிலை வற்ற வைத்து, இதயத்தை ஓட வைக்கும் பொருள்) முதலான விஷங்கள் இருக்கின்றன. அதே பொருளை அளந்து எடுத்து ஆஸ்பத்திரியில் கண் சொட்டு மருந்தாகவும், இதயம் மெதுவாகிவிட்டவர்களுக்கு ஊசியாகவும் பயன்படுத்துகிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்க இழுக்கும் மருந்துகளில் ஒன்று இதற்குத் தூரத்துச் சொந்தம். இலையைப் புகைத்த பழைய ஆட்கள் முழுப் பைத்தியக்காரர்கள் இல்லை, ஆனால் இலைக்கு அளவு தெரியாது என்றார். ஒரே செடியில் இந்த இலையில் உள்ள விஷம் அடுத்த இலையில் இருப்பதுபோல இருக்காதாம். குடித்தவர் பிழைப்பாரா என்பது அதிர்ஷ்டம்தானாம்.

பிறகு ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். நெஞ்சின் பலத்தை அளக்கும் கருவி அது. முள் பாதிகூட ஏறவில்லை. நான் முதல் தடவையாக, சொந்த நினைவோடு, எல்லாவற்றையும் சொன்னேன். தொழில்வழி ஆஸ்துமா (வேலை செய்யும் இடத்துத் தூசியால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது) என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் நான் பயந்த பெயர் அவ்வளவுதான்.

தினமும் காலையிலும் மாலையிலும் இழுக்க வேறொரு மருந்து கொடுத்தார்கள். நீலக் குழாயை நான் இத்தனை நாள் தவறாக இழுத்து, மருந்து முழுவதையும் நாக்குக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றுதான் தெரிந்தது. தாதி பக்கத்தில் உட்கார்ந்து, முழுக்க மூச்சை விடு, மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை பிடி என்று ஐந்து தடவை செய்ய வைத்தார். உங்கள் குழாயையும் ஒரு முறை யாரிடமாவது இழுத்துக் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நிர்மலா வந்தார். கவிதா போன் செய்திருக்கிறாள். ஈப்போவிலிருந்து பஸ்ஸில், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. முகம் வெளுத்திருந்தது. செடியின் பெயரைச் சொன்னது தன் தப்பு என்று ஆரம்பித்தார். காதை மூடிக்கொண்டது என் தப்பு என்றேன்.

“அக்கா, என் மாத்திரையில ஊமத்தை பேருதான் இருக்கு. நீங்க குடிச்சதுல ஊமத்தையே இருந்துச்சு” என்றார். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கவிதா நடித்துக் காட்டினாள். போர்வையில் பறித்தது, விளக்கு கேட்டது, ஓயாமல் பேசியது, இல்லாத ஆளோடு பேசியது. நிர்மலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், தங்கள் மருந்துப் புத்தகத்தில் ஸ்ட்ராமோனியம் பகுதியில் இவையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது என்றார். ஒரு பொருள் நல்ல உடம்பில் எதை உண்டாக்குமோ, அதே குறி நோயாகத் தெரிந்தால் அதே பொருளை மிகச் சிறிதாகக் கொடுப்பது அவர்கள் முறையாம்.

“புத்தகத்தை அப்படியே நடிச்சுக் காட்டிட்டீங்க, அக்கா. நான் படிக்கிறப்போ இதையெல்லாம் யாரு செய்வான்னு நெனச்சேன்.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்துத் தீரவில்லை.

அந்த உருண்டைகள் என்னைக் குணப்படுத்தினவா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் நெஞ்சு கேட்டது ஆஸ்பத்திரி மருந்தின் பேச்சைத்தான். முதல் பத்து நாள் நன்றாக இருந்ததற்கு, ஒருவர் ஒரு மணி நேரம் எனக்குக் காது கொடுத்தது காரணமாக இருக்கலாம். நிர்மலாவிடம் இதை அப்படியே சொன்னேன். அப்படியும் இருக்கலாம் அக்கா, ஆனால் குழாயை விட்டுவிடாதீர்கள் என்றார். இப்போதும் அவர் தானா ராத்தாவுக்கு வரும் நாளில் போய்ப் பார்க்கிறேன். மருந்து வாங்குவதில்லை, ஆரஞ்சுப் பழம் கொண்டுபோவேன்.

விடுப்பு முடிந்த அன்று நேராக ஆபீசுக்குப் போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கம்பியிடம் சொன்னதை ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டாமல் நின்று, மூன்று வருடம் மறைத்தேன் துரை, இனி அந்த அறை எனக்கு ஆகாது என்றேன். மேனேஜர் கடிதத்தைப் படித்தார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

நாற்றுமேடைக்கு மாற்றினார். நிழல்வலைக்குக் கீழே, சின்னச் சின்னப் பைகளில் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். அங்கே எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. என் இடத்துக்கு என்னிடம் வேலை கற்ற மல்லிகா வந்தாள். அவள் பெயர் வாசிப்பதை முதல் நாள் வாசலில் நின்று கேட்டேன். வலிக்கும் என்று நினைத்தேன். பாதிப் பட்டியலிலேயே கவனம் போய்விட்டது, கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் நேரமாகிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் சலிக்கும் அறைப் பெண்கள் இருவர் நாற்றுமேடைக்கு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, தங்களுக்கும் விசில் அடிக்கிறது என்றார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆபீசுக்குப் போனேன். இப்போது அந்த அறையில் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி ஓடுகிறது. எல்லோரும் முகமூடி போடுகிறார்கள். அந்த இருவரும் மருந்து இழுக்கிறார்கள், கழிவறையில் ஒளியாமல்.

கணவர் மீசைக்கு மை அடிப்பதை நிறுத்திவிட்டார். வெள்ளை மீசை அவருக்கு நன்றாக இருக்கிறது. இதையும் சொன்னேன். இப்போது எதையும் சேர்த்துவைப்பதில்லை.

உடம்பைப் பற்றி ஒன்று. முன்பெல்லாம் என் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும், ஒரு மெஷின் பக்கத்தில் வாழ்வதுபோல. இப்போது கேட்பதில்லை. சில சமயம் கன்றுகளுக்கு நடுவே சட்டென்று நின்று, மூச்சு விடுகிறேனா என்று சோதித்துப் பார்க்கிறேன். விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குளிர் காலையில் வாய்க்கு முன்னால் வெள்ளையாகத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கணவரோடு தோட்டத்தின் உச்சிப் பாத்திக்கு ஏறினோம். பல வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த எந்தக் கல்லில் உட்காரலாம், அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கிலேயே என் பாதைகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. அன்று கணக்குப் போட மறந்துவிட்டேன். கவிதாவுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினேன். பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். அவர் நான்கு வரிசைக்குக் கீழே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் நில்லு புள்ள. மூச்சு வாங்குதுலா.”

நின்றேன். பனி விலகிக்கொண்டிருந்தது. கீழே ஒவ்வொரு வரிசையாகத் தேயிலை பச்சையாகி வந்தது. ஒரு ஆளுக்காக மேட்டில் நின்று காத்திருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் மெதுவாகவே வந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.